சோ. சிவபாதசுந்தரத்தின் ஒலிபரப்பும் உரைநடையும்: வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், விமரிசனம் என்னும் தலைப்புகளின் கீழ் ஆசிரியர்களையும் நூல்களையும் வகைப்படுத்தி நோக்கியுள்ளனர். இவ்வகைப்பாட்டினுள் எளிதில் அடங்காத ஒரு பிரிவினரும் உளர். பத்திரிகைக் கட்டுரை, பயண நூல், வரலாற்று அறிமுகம், வானொலிப் பேச்சு ஆகியவற்றின் வாயிலாகப் பொது மக்களோடு நீண்ட காலம் உறவு கொண்டிருந்த எழுத்தாளர்களே அவர்கள். படைப்பிலக்கியக்காரர் அவர்களைத் தம்முள் ஒருவராகக் கொள்வதில்லை. பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர்களைத் தம் இனத்தவராக மதிப்பதில்லை. எனவே, அவர்கள் பெருந்தொகையானோரால் வாசிக்கப்பட்டும் கேட்கப்பட்டும் வரலாற்றில் இடமற்றோராகி விடுகின்றனர். பத்திரிகையாசிரியராகவும் ஒலிபரப்பாளராகவும் கட்டுரை நூலாசிரியராகவும் விளங்கிய சோ. சிவபாதசுந்தரம் (1912–2000) இத்தகையோருள் முதன்மையானவர்.

இக்கட்டுரை அவரது முழுமையான வாழ்க்கை வரலாறன்று. கற்றோரிடையே அடைபட்டிருந்த அறிவைக் காதினாற் கேட்டுணரத்தக்க தமிழாக மாற்றும் பணியை அவர் எவ்வாறு ஆற்றினார், அப்பணியின் வர்க்க எல்லைகள் யாவை, முற்போக்கு இலக்கிய மரபினராகிய நாம் அதிலிருந்து கற்க வேண்டியது யாது என்னும் மூன்று வினாக்களையே இது எழுப்புகின்றது.

அவ்வினாக்கள் எழுந்த இடத்தைக் கூறிவிடுதல் நன்று. இக்கட்டுரையாசிரியனின் இளமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றிலே கழிந்தது. 1990களின் பிற்பகுதி அது, போர்க்காலம். கிராமத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குப் பெருந்தட்டுப்பாடு. வலுக்குறைந்த பற்றரிகளைப் பகலில் வெயிலிற் காயவைத்து, இரவில் வானொலிப் பெட்டியிலிட்டு, லண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்பது எம் பாட்டனாரின் வழக்கம். அயலார் பலர் முற்றத்திற் கூடியிருப்பர். பிந்தி வரும் முதியவர் ஒருவர், "மறுகா என்ன சொன்னவன்?" என்று கேட்டுக்கொண்டேதான் அமர்வார். நிகழ்ச்சி முடிந்ததும் யாரேனும் ஒருவர் கேட்டவற்றைத் திருப்பிச் சொல்வார். 'தமிழோசை' என்னும் பெயர் அம்முற்றத்தில் அனைவருக்கும் தெரியும். அப்பெயரைச் சூட்டியவர் ஈழத்துத் தீவொன்றிலே பிறந்தவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்திற் கற்ற பின்னரே எமக்கும் அது தெரியவந்தது.

ஈழகேசரிக் காலம்

சிவபாதசுந்தரம் 1912 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன் என்னும் ஊரிலே பிறந்தார். தீவக மண் பெருவிளைச்சலுக்கு ஏற்றதன்று. கல்வி கற்று உத்தியோகம் தேடி வெளியேறுதலும், வணிகத்தின் பொருட்டுத் தென்னிலங்கை செல்லுதலும் அப்பகுதி மக்களின் பொருளாதார வாழ்வோடு ஒட்டியவை. ஆங்கிலக் கல்வியின் வாயிலாக உருவான யாழ்ப்பாண மத்தியதர வர்க்கத்தின் வரலாற்றில், ஆங்கிலத்தைத் தொழிலுக்கும் தமிழைப் பண்பாட்டுக்கும் எனப் பகுத்துக் கொண்ட தலைமுறையொன்று 1930களிலே தோன்றியது. சிவபாதசுந்தரம் இத்தலைமுறையைச் சேர்ந்தவர். தமிழையே தம் தொழிலாக்கிக் கொண்டமைதான் அவரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துகின்றது.

1938 தொடக்கம் 1942 வரை அவர் ஈழகேசரியின் ஆசிரியராயிருந்தார். 1930 இல் நா. பொன்னையாவினாற் சுன்னாகத்தில் ஆரம்பிக்கப்பட்டு 1958 வரை வெளிவந்த இவ்வாரப் பத்திரிகை, ஈழத்து நவீன இலக்கியத்தின் தொட்டில் எனப் போற்றப்படுவது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் முதலிய சிறுகதை முன்னோடிகள் அக்காலத்திலே எழுதினர். தமிழகத்தில் மணிக்கொடி எழுத்தாளர் செய்து கொண்டிருந்த பரிசோதனைகளை ஈழத்து வாசகரும் அறிந்திருந்த காலம் அது.

பத்திரிகையாசிரியன் நாள்தோறும் செய்யும் வேலையினை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். புலவர் ஒருவர் அனுப்பும் நீண்ட கட்டுரையையும் ஆசிரியர் ஒருவர் அனுப்பும் ஊர்ச் செய்தியையும் இளைஞர் ஒருவர் அனுப்பும் கதையையும் ஒரே வாசகன் படிக்கத்தக்க நிலைக்குக் கொணர்வது அவன் கடமை. வாரந்தோறும் காசு கொடுத்து வாங்குபவனுக்கு விளங்காத வசனம் பத்திரிகைக்கு நட்டமாகும். மாணாக்கன் ஆசிரியனைத் தேடிவந்து கற்ற பழைய கல்வி முறையில், விளங்கவில்லையெனிற் குறை மாணாக்கனுடையது. அச்சுச் சந்தையில் அக்குறை எழுத்தாளனுடையதாகின்றது. பொறுப்பு இடம்மாறிய இந்நிகழ்வே நவீன உரைநடையின் சமூக அடிப்படை. சிவபாதசுந்தரம் தம் தொழிற்பயிற்சியின் முதற் கட்டத்தை இச்சந்தையிலேயே பெற்றார்.

போர்க்காலக் கருவியும் தமிழ்க் குரலும்

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரிற் கொழும்பிலிருந்து முறையாக ஒலிபரப்பாகத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்பு நிலையங்களுள் அது ஒன்று. எனினும் தொடக்க காலத்தில் வானொலிப் பெட்டி செல்வருக்குரிய பொருளாயிருந்தது. அதனை வைத்திருப்போர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறவும் வேண்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை மாற்றிற்று. குடியேற்ற நாடுகளின் மக்களிடம் அவர்தம் மொழியிலேயே பேச வேண்டிய தேவை பிரித்தானிய அரசுக்கு உண்டாயிற்று. பி.பி.சி. தனது தமிழ் ஒலிபரப்பை 1941 மே 3 ஆம் நாள் தொடங்கியமைக்கும், கொழும்பில் நேச நாட்டுப் படைகளுக்கென வலுமிக்க ஒலிபரப்பு நிலையம் அமைக்கப்பட்டமைக்கும் இத்தேவையே காரணமாகும். அப்படைத்துறை நிலையம் யுத்தத்தின் பின் 1949 இல் இலங்கை வானொலியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. கடல் கடந்து தென்னிந்தியாவெங்கும் இலங்கை வானொலி கேட்கப்பட்டமைக்கு, ஏகாதிபத்திய யுத்தம் விட்டுச் சென்ற அக்கருவியின் வலுவும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.

சிவபாதசுந்தரம் 1940களின் தொடக்கத்திலே கொழும்பு வானொலியிற் சேர்ந்தார். அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் லண்டன் சென்று பி.பி.சி.யின் தமிழ்ப் பகுதியிற் பணியாற்றினார். 'செய்தி மடல்' என வழங்கிய நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவர் அவரேயாவர். முன்னைய பெயர் மேலிருந்து கீழ்நோக்கி அனுப்பப்படும் கடிதத்தைச் சுட்டுவது. அனுப்புபவனும் பெறுபவனும் வேறாகி நிற்கும் உறவு அதிலே தொனிக்கின்றது. 'தமிழோசை' என்னும் பெயரோ பாரதியின் பாடலொன்றை நினைவூட்டுவது. மொழியே முதன்மை பெறுகின்றது. ஒலிபரப்பும் அரசு பின்னணிக்குச் செல்கின்றது. பெயர் மாறியதால் நிறுவனத்தின் தன்மை மாறிவிடவில்லை. ஆயினும், தம்மிடம் பேசப்படுவது தம் மொழியின் குரல் என்னும் உணர்வைக் கேட்போரிடத்து அது தோற்றுவித்தது. அவ்வுணர்வே நிறுவனத்துக்கும் பயன்பட்டது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பண்பாட்டு ஊழியன் ஒருவன் ஏகாதிபத்திய நிறுவனத்தினுள் நின்று செய்யும் வேலையின் இருமுகத் தன்மை இதுவேயாகும்.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30 ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. எழுபத்தாறு ஆண்டுகள் நிலைத்த அவ்வொலிபரப்பில், ஈழத்துப் போரின் ஆண்டுகள் தனித்து நோக்கத்தக்கன. உள்நாட்டுச் செய்தியை நம்ப இயலாத, மறுத்துரைக்கவும் இயலாத மக்கள் தொலைவிலிருந்து வந்த குரலை நம்பினர். யுத்தப் பிரசாரத்துக்காகப் பிறந்த ஒரு கருவி, யுத்தத்துள் அகப்பட்டோரின் உண்மைத் தேவைக்கு உதவியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஒலிபரப்புக் கலை

1954 இல் வெளிவந்த 'ஒலிபரப்புக் கலை' சிவபாதசுந்தரத்தின் நூல்களுள் எமது நோக்கில் மிக முக்கியமானது. தமிழில் இத்துறை பற்றி எழுந்த முன்னோடி நூல் அதுவாகும். அதன் வரலாற்று முக்கியத்துவத்தை உணர்வதற்கு, தமிழ் உரைநடை அதற்கு முன்னர் எக்களங்களில் வளர்ந்தது என்பதை நோக்கல் வேண்டும்.

ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பாதிரிமாரின் பிரசங்க முறையையே கைக்கொண்டு அவர்களை எதிர்த்த அந்நிகழ்வு, ஈழத்து உரைநடையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அன்று தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழின் பொதுப் பேச்சு சபையை முன்னிறுத்தியே வளர்ந்தது. கோயிற் பிரசங்கமும், பின்னர் தமிழகத்திற் செழித்த அரசியல் மேடைப் பேச்சும் இத்தன்மையன. பேசுபவன் உயர்ந்த இடத்தில் நிற்பான், கேட்போர் திரண்டிருப்பர். எதுகையும் மோனையும் அடுக்கும் அத்திரளின் உணர்ச்சியை எழுப்பும். கேட்போர் கைதட்டுவதால் பேசுபவன் ஊக்கம் பெறுவான்.

வானொலிப் பேச்சாளன் முன்னே திரளும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒலிவாங்கி மாத்திரம் இருக்கின்றது. அவன் பேசுவது வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒருவரிடம், அல்லது மூவரிடம். அவர்கள் விரும்பிய கணத்தில் பெட்டியை நிறுத்திவிடலாம். இப்புதிய உறவு மொழியிடத்துப் புதிய கோரிக்கைகளை விடுத்தது. அக்காலத்துத் தமிழ் ஒலிபரப்பாளர் எதிர்நோக்கிய சிக்கல்களை எமது சொற்களிற் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தமிழ் வசனத்தில் வினைமுற்று இறுதியிலேயே வருகின்றது. எச்சங்களாற் பின்னப்பட்ட நீண்ட வசனத்தைக் கண்ணாற் படிப்பவன் மீளச் சென்று படிக்கலாம். காதாற் கேட்பவனுக்கு அவ்வசதி இல்லை. இரண்டாவது, ஒருவர் கூறியதை எடுத்துரைக்கும்போது 'என்று கூறினார்' என்பது கடைசியில் வருவதால், கூறியவர் எவரென முன்னரே தெரிவிக்காவிடின் அவர் கூற்றைச் செய்தியாளரின் கூற்றாகவே கேட்போர் கொண்டுவிடுவர். மூன்றாவது, எழுத்திலே தெளிவாகத் தோன்றும் புணர்ச்சி காதுக்கு மயக்கம் தரும். 'கற்றூண்' என்பதைப் படிப்பவன் கல்லையும் தூணையும் காண்பான். கேட்பவன் ஒரு கணம் தடுமாறுவான். நான்காவது, எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே எந்த நிலையில் நிற்பது என்னும் பிரச்சினை. செய்திக்கு எழுத்து வழக்கு பொருந்தும். நாடகத்துக்குப் பேச்சு வழக்கு பொருந்தும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு விடயத்தை விளக்கிச் சொல்லும் பேச்சுக்கு எது தகும்? இலக்கணப் பிழையற்றதும், ஆயின் ஒருவர் மற்றொருவரோடு உரையாடுவது போன்றதுமான ஓர் இடைநிலைத் தமிழை வானொலி உருவாக்க வேண்டியிருந்தது.

இவ்வாறான சிக்கல்களை உடைய ஒரு தொழிலுக்கு நூல் எழுதுவதன் சமூகப் பொருள் யாது? நல்ல குரலும் நாவன்மையும் பிறவிக்கொடை எனக் கருதப்பட்ட சூழலில், ஒலிபரப்பு பயின்று பெறக்கூடிய ஒரு தொழில் என்பதை அந்நூல் நிலைநாட்டியது. அருளாகக் கருதப்பட்ட ஒன்றைத் தொழில்நுட்பமாக விளக்கிக் காட்டுதல், அதனைச் சிலரின் உரிமையிலிருந்து பலரின் உடைமையாக்குவதற்கு முதற்படி. தம் தொழில் இரகசியங்களைப் பொதுவில் வைக்கும் பண்பு தமிழ்ப் புலமையுலகில் அரிதாகவே காணப்பட்டது என்பதை நோக்குமிடத்து, அந்நூலின் சனநாயகத் தன்மை தெளிவாகும்.

அடிச்சுவட்டு நூல்கள்

'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்' 1947 இலும் 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்' 1960 இலும் வெளிவந்தன. பின்னாளிற் 'சேக்கிழார் அடிச்சுவட்டில்' என்னும் நூலையும் அவர் எழுதினார். இலக்கியமும் ஐதிகமும் கூறும் இடங்களுக்கு நேரிற் சென்று, கண்டதைக் கொண்டு கேட்டதை மதிப்பிட்டு, ஒரு பெரியாரின் வாழ்வைப் பயணமாக எடுத்துரைக்கும் நூல்கள் இவை. தமிழில் ஏ. கே. செட்டியார் பயண இலக்கியத்தையும், பெ. நா. அப்புஸ்வாமி அறிவியல் எழுத்தையும் வளர்த்துக் கொண்டிருந்த காலம் அது. இலக்கிய வரலாற்றையும் சமய வரலாற்றையும் பயணத்தின் வாயிலாகப் பொது வாசகருக்குக் கொண்டுசென்றமை சிவபாதசுந்தரத்தின் தனிப் பங்களிப்பாகும்.

தல யாத்திரை தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. யாத்திரிகன் புண்ணியம் தேடிச் செல்வான். தலபுராணம் கூறுவதை ஏற்பதே அவன் கடன். அடிச்சுவட்டு நூலாசிரியன் அதே வழியிற் செல்கின்றான். ஆயின் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரத்தையும், கல்லையும் மண்ணையும், இன்று அங்கு வாழும் மக்களையும் கணக்கிற் கொள்கின்றான். திருவாதவூரும் திருப்பெருந்துறையும் தில்லையும் அப்போது புராணத்தின் பெயர்களாய் மட்டும் நில்லாது, வழிகேட்டுச் செல்லக்கூடிய ஊர்களாகின்றன. ஆசிரியரின் சமயப் பற்று எதுவாயினும், இம்முறை வாசகனை மண்ணுலகிலே நிறுத்துகின்றது. பொருள்முதல்வாதியல்லாத ஒருவரின் எழுத்திலும் முறையியல் சார்ந்த முற்போக்கு அம்சம் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

புத்தரைப் பற்றிய நூல் வெளிவந்த காலப் பின்னணி தனியே சிந்திக்கத்தக்கது. 1956 இல் புத்த ஜயந்தி கொண்டாடப்பட்டது. அதே ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூனில், அன்று மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்த கல்லோயாக் குடியேற்றப் பகுதியிலே தமிழர் கொல்லப்பட்டனர். 1958 இல் இனவன்செயல் நாடெங்கும் பரவிற்று. சிங்களப் பேரினவாதம் பௌத்தத்தைத் தன் சின்னமாக்கிக் கொண்ட வேளையில், தமிழ்ச் சைவச் சூழலிற் பிறந்த ஒருவர் புத்தரின் வழித்தடத்தைத் தமிழ் வாசகருக்கு எடுத்துரைத்தார். புத்தர் எவரது இனச் சொத்தும் அல்லர் என்பது அச்செயலிலேயே அடங்கியுள்ளது. மணிமேகலையைத் தன் காப்பியமாகக் கொண்ட மொழிக்கு இது அந்நியமான காரியமன்று. அக்காப்பியம் கூறும் மணிபல்லவம் எனப் பலராலும் கருதப்படும் நயினாதீவு, சிவபாதசுந்தரம் பிறந்த தீவகத்தைச் சேர்ந்ததேயாகும்.

அரசியற் கட்டுரை எதுவும் எழுதாமலே அரசியற் பெறுமானமுடைய செயலொன்றை அவர் செய்தார் எனலாம். ஆயின் இதன் எல்லையையும் கூறல் வேண்டும். புத்தரின் கருணை பற்றி வாசிப்பதால் குடியேற்றத்திட்டத்தின் நிலப் பிரச்சினை தீராது. பகைமைக்குக் காரணமான பொருளாதார உறவுகளைத் தொடாத நல்லெண்ணம், நல்லோரின் நூலகத்தோடு நின்றுவிடும் அபாயம் உண்டு.

இலக்கிய வரலாற்றாசிரியர்

தம் வாழ்வின் பிற்பகுதியில் அவர் சென்னையில் வாழ்ந்தார். மணிக்கொடி எழுத்தாளரும் அகில இந்திய வானொலியிற் பணியாற்றியவருமான சிட்டி (பெ. கோ. சுந்தரராஜன், 1910–2006) அவருக்கு இணையாசிரியராக அமைந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' 1977 இலும், 'தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்' 1989 இலும் வெளிவந்தன.

ஈழத்து முற்போக்கு விமரிசகர் இத்துறையில் முன்னரே நூல்கள் எழுதியிருந்தனர். கா. சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1967 இலும், க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இலும் வெளிவந்தன. ஒலிபரப்பாளரும் கவிஞருமாகிய சில்லையூர் செல்வராசன் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி'யை 1967 இல் வெளியிட்டார். இரு மரபுகளையும் ஒப்புநோக்கின் வேறுபாடு புலப்படும். கைலாசபதியும் சிவத்தம்பியும் ஓர் இலக்கிய வடிவம் ஏன் தோன்றிற்று, எவ்வர்க்கத்தின் தேவையை அது நிறைவு செய்தது என வினவினர். சிட்டியும் சிவபாதசுந்தரமும் எவை எழுதப்பட்டன, எவரால், எப்போது என்பதைத் திரட்டித் தந்தனர். அவர்கள் வரலாற்றில் காரண ஆராய்ச்சி குறைவு. இரசனை அளவுகோலே பெரும்பாலும் மேலோங்குகின்றது. இக்குறையை நாம் சுட்டிக்காட்டுதல் நியாயமே.

அதேவேளை தன்விமரிசனமும் வேண்டும். தகவற் பரப்பு இல்லாத இடத்திற் கோட்பாடு தான் முன்னரே அறிந்ததையே மீண்டும் கூறும். மறந்துபோன நாவல்களை ஒருவர் பொறுமையாகத் தேடி வாசித்துப் பட்டியலிட்ட பின்னரே அவற்றின் சமூக அடிப்படை பற்றிப் பேச முடியும். இவ்வடிநிலை உழைப்பை 'வெறும் விவரணம்' என ஒதுக்கும் மனப்பான்மை, மூளை உழைப்புக்குள்ளேயே மேல் கீழ் வகுக்கும் மனப்பான்மையாகும்.

வாவிக்கரையிலிருந்து நோக்குமிடத்து

இதுவரை சிவபாதசுந்தரத்தின் பணியை அதன் போக்கிலே பின்தொடர்ந்தோம். இனி அப்பணியைக் கேட்போரின் பக்கத்திலிருந்து நோக்கல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியில் நிலவெறிக்கும் இரவுகளில் நீருக்கடியிலிருந்து இசைபோன்றதோர் ஒலி கேட்பதாகக் கூறுவர். துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது மீனவர் வழக்கம். 'பாடும் மீன்' என்னும் பெயர் இதனால் வந்தது. சுவாமி விபுலாநந்தர் இதனைப் பொருளாகக் கொண்டு 'நீரர மகளிர்' என்னும் பாடலை இயற்றினார். அமெரிக்க இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. வாவியின் மீன் வானொலியிற் பாடியது. வாவியின் மனிதர் எவ்வளவு தூரம் அவ்வானொலியிலே பேசினர் என்பதே எமது வினா.

தமிழ் வானொலி நாடகங்கள் புகழ்பெற்ற காலத்தில் அவற்றிற் பெரும்பாலும் ஒலித்தது யாழ்ப்பாணப் பேச்சு வழக்கேயாகும். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' இதற்கு நல்ல உதாரணம். இளமையில் சிவத்தம்பி அதில் நடித்துள்ளார். பேச்சு வழக்கை மேடையேற்றியமை ஒரு முன்னேற்றமே. ஆயின் ஒரு பிரதேசத்தின், ஒரு வர்க்கத்தின் பேச்சே ஈழத் தமிழரின் பேச்சாக நிலைபெற்றது. செக் நாட்டறிஞர் கமில் சுவலபில் மட்டக்களப்புப் பேச்சுத் தமிழை இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானதென மதிப்பிட்டார். 'பறைதல்' எனும் பழஞ்சொல் இன்றும் பேசுதல் என்னும் பொருளில் எம்மிடை வழங்குவது அதற்கு ஒரு சிறு சான்று. போடியாரின் வட்டையிற் கூலிக்கு வேலை செய்தோரும், வாவியில் வலை வீசியோரும், கைத்தறி நெய்தோரும் இத்தமிழையே பேசினர். வானொலியின் இடைநிலைத் தமிழ் உருவானபோது இவர்கள் வழக்கிலிருந்து அது கடன் பெற்றது மிகக் குறைவு.

இங்கு 1947 ஆம் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்தரின் 'யாழ் நூல்' அரங்கேறியதும், அவர் மறைந்ததும், 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. யாழ் நூல் நெடுங்கால ஆய்வின் பயன். அதனை ஆழ்ந்து கற்றோர் சிலரே. சிவபாதசுந்தரத்தின் நூல்களைக் கற்க முன்னறிவு வேண்டியதில்லை. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தாழ்த்துதல் தவறு. ஆழ்ந்த ஆய்வுக்கும் பரந்த வாசகர் கூட்டத்துக்கும் இடையிலே பாலமிடுவோர் ஒரு தனித் தொழிலாளர் பிரிவினர் என்பதையும், அத்தொழிலை எமது சமூகம் போதிய அளவு வளர்க்கவில்லை என்பதையுமே இவ்வொப்பீடு உணர்த்துகின்றது.

மட்டக்களப்பில் அறிவு பரவிய பிறிதொரு வழியும் உண்டு. கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தள ஒலியோடு விடியுமளவும் கதை நிகழும். கேட்போர் கூத்தரின் உறவினராகவும் அயலாராகவும் இருப்பர். பிழை நேரின் அங்கேயே உரைப்பர். அடுத்த ஆண்டில் அவர்களிற் சிலரே கூத்தராவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனை மாணவரைக் கொண்டு இக்கூத்தை நவீன அரங்குக்குக் கொணர்ந்தார். வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேச வாழ்வை நூலாக்கிற்று. கூத்திலே கேட்பவன் பேசுபவனாக மாறும் வழி திறந்திருந்தது. வானொலியில் அவ்வழி அடைபட்டிருந்தது.

ஜெர்மனிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1932 இல் இப்பிரச்சினையைத் தெளிவாக முன்வைத்தார். வானொலி விநியோகக் கருவியாக இருப்பதை விடுத்துத் தொடர்பாடற் கருவியாக மாற வேண்டும் என்றும், கேட்போனைக் கேட்கச் செய்வதோடு அமையாது பேசவும் செய்ய வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இவ்வளவுகோலால் அளப்பின் சிவபாதசுந்தரத்தின் பணி பாதி வழியிலேயே நிற்கின்றது. கேட்போனை மதிக்கும் தமிழை அவர் உருவாக்கினார். கேட்போன் பேசும் ஏற்பாட்டை அவர் பணியாற்றிய நிறுவனங்கள் உருவாக்கவில்லை. அது தனிமனிதரின் குறையன்று. ஒலிபரப்புச் சாதனம் அரசுக்கும் விளம்பரதாரருக்கும் உரியதாயிருக்கும் வரை அந்த மறுபாதி நிறைவேறுதல் கடினம். கைத்தொலைபேசியில் எவரும் பேசக்கூடிய இன்றைய நிலையிலும் இவ்வினா தீர்ந்துவிடவில்லை. பேசும் வாய்ப்புப் பெருகியுள்ளது. யார் குரல் முன்னே ஒலிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உடைமை வேறிடத்திலேயே உள்ளது.

முடிவாக, நமது நிலை பற்றிச் சில சொல்லல் வேண்டும். உழைக்கும் மக்களின் சார்பிலே எழுதுவதாகக் கூறும் நாம் நமக்குள்ளே பேசுவதற்கேற்ற ஒரு மொழியை வளர்த்துள்ளோம். இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று. கைலாசபதி 1959 தொடக்கம் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்தபோது நாளிதழின் பக்கங்களை முற்போக்கு எழுத்துக்குத் திறந்துவிட்டார். அத்தொடர்பு பிற்காலத்தில் மெலிந்து, ஆய்விதழ்களின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிற்று. வர்க்கப் பார்வையில் நம்மிலும் பின்தங்கிய ஒருவர், கேட்பவன் மீதுள்ள மதிப்பில் நம்மிலும் முன்னே சென்றிருந்தார் என்பதை ஏற்றுக்கொள்ளுதல் கடினம், ஏற்றுக்கொள்ளல் அவசியம்.

படுவான்கரை முற்றத்தில் வந்தமர்ந்த அம்முதியவரின் "மறுகா என்ன சொன்னவன்?" என்னும் கேள்வி இன்றும் நல்லதோர் உரைகல்லாகவே தோன்றுகின்றது. எமது ஆய்வுகளைக் கேட்ட ஒருவர் அவற்றை இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்ல இயலுமா? சிவபாதசுந்தரத்தின் தமிழை அந்த முற்றத்திற் கொண்டுபோய் வைத்திருக்கலாம். எமது தமிழை எப்போது அங்கே கொண்டுசெல்லப் போகின்றோம் என்பதும், அங்கிருந்து எழும் பேச்சுக்கு எமது பக்கங்களில் எப்போது இடமளிக்கப் போகின்றோம் என்பதும் நாமே விடையளிக்க வேண்டிய வினாக்கள்.